பால்டிமோர் பாலமும் பிளஸ் ஒன் இயற்பியலும்

2024 மார்ச் 25-ஆம் தேதி எங்களுக்குப் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு முடிந்தது. மறுநாள் அமெரிக்காவில், பால்டிமோர் என்ற துறைமுக நகரத்தில், ஒரு கப்பல் மோதிப் பெரிய பாலம் ஒன்று ஆற்றில் விழுந்தது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் இந்தக் கோடையில் என்ன படித்தாய் என்று யாராவது கேட்டால், நான் அந்தப் பாலத்திலிருந்துதான் தொடங்கியாக வேண்டும்.

முதலில் பள்ளியைப் பற்றிக் கொஞ்சம். நான் பயோ மேத்ஸ் குரூப். ஆறு பாடம், அறுநூறு மதிப்பெண். போன வருடம் எங்களுக்கு எப்படிப் போனது என்பது தூத்துக்குடிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் கோரம்பள்ளம் குளம் உடைந்து ஊருக்குள் தண்ணீர் வந்தது. அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போனது. நோட்டும் புத்தகமும் நனைந்து போனவர்களுக்கு மற்றவர்கள் நோட்டைக் கொடுத்து ஜெராக்ஸ் எடுக்க வைத்தோம். அதற்குப் பிறகு பள்ளியில் கேட்ட ஒரே வார்த்தை போர்ஷன். போர்ஷனை முடிக்கணும், ரிவிஷன் ஆரம்பிக்கணும், ஒன் மார்க் ஒப்பிக்கணும். கணத்தாக்கு என்றால் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரையறையைச் சொல்லிவிடுவோம். அந்த வரையறை எந்த ஊரில், எந்தக் கடலில், யார் உயிரில் போய் முட்டுகிறது என்று கேட்க நேரம் இருந்ததில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மழைக்குப் போன நாட்களை ஈடுகட்ட அவர்கள் சனிக்கிழமையும் வந்து நின்றார்கள்.

இனி அந்தப் பாலம்.

தேர்வு முடிந்த பிறகு வீட்டில் எனக்குக் கொடுத்த வேலை, தாத்தாவுக்குத் தினத்தந்தி வாசித்துக் காட்டுவது. கண் ஆபரேஷன் ஆகி அவர் கொஞ்ச காலம் எழுத்துக் கூட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாத்தா தோணியில் தண்டலாக இருந்தவர். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: தோணி என்பது எங்கள் ஊரில் சின்னப் படகு இல்லை, சரக்கு ஏற்றிக் கடல் கடக்கும் பெரிய மரக்கப்பல். அதை நடத்துபவர் தண்டல். கொழும்புக்கும் மாலைத்தீவுக்கும் வெங்காயம், பருப்பு, ஓடு, செங்கல் எல்லாம் ஏற்றிப் போனவர். அவருக்கு உள்ளூர்ச் செய்தி முக்கியமில்லை. கப்பல் என்று எங்கேயாவது வந்தால் அதை முதலில் வாசிக்க வேண்டும்.

27-ஆம் தேதி காலையில் அந்தச் செய்தியை வாசித்தேன். டாலி என்ற சரக்குக் கப்பல், ஏறக்குறைய 300 மீட்டர் நீளம். நள்ளிரவு தாண்டித் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியிருக்கிறது. ஒன்றரை மணி வாக்கில் கப்பலில் மின்சாரம் போய்விட்டது. திசை மாறி, 1977-இல் திறந்த ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் போய் மோதியது. விளக்கு அணைந்ததற்கும் மோதியதற்கும் இடையில் நான்கு நிமிடம் போல்தான்.

"கரண்டு போனா வீட்ல வெளக்குதான் அணையும் பிள்ளே. கப்பல்ல சுக்கானே போயிரும்" என்றார் தாத்தா. பிறகு கேட்டார்: "நங்கூரம் போட்டானாமா?"

பேப்பரில் அது இல்லை. அப்பாவின் போனில் தேடிப் பார்த்தேன். போட்டிருக்கிறார்கள். நங்கூரத்தை இறக்கச் சொல்லி, கப்பலை வழிநடத்திய துறைமுகப் பைலட் உத்தரவு கொடுத்திருக்கிறார்.

"போட்டாங்களாம் தாத்தா."

"போட்டாலும் பிடிக்காது. நங்கூரம் நின்ன கப்பல நிக்க வைக்கத்தான். ஓடுற கப்பல நிறுத்துறதுக்கு இல்ல. எங்க தோணியே ஏறக்குறைய முந்நூறு டன்னு. பாயை இறக்குன பெறகும் அது பாட்டுக்குப் போய்ட்டே இருக்கும். கரை நம்மள நோக்கி வர்ற மாதிரி இருக்கும்."

நிலைமம் என்று நாங்கள் மூன்றாவது யூனிட்டில் படித்ததை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு மத்தியானம் தேர்வு எழுதி முடித்த இயற்பியல் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். தேர்வு முடிந்த மறுநாளிலிருந்து அந்தப் புத்தகத்தைத் தொட யாரும் சொல்லவில்லை, நானாக எடுத்தேன். அதனால்தானோ என்னவோ, அன்று படித்தது மறக்கவே மாட்டேன் என்கிறது.

கணக்கை இங்கே எழுதுகிறேன். சரக்கோடு சேர்த்துக் கப்பலின் எடை ஒரு லட்சம் டன்னுக்கு மேல். ஒரு லட்சம் என்றே வைத்துக்கொள்வோம், அதாவது 10 கோடி கிலோ. மோதும்போது வேகம் ஏறக்குறைய 7 நாட். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். 7 நாட் என்றால் மணிக்கு 13 கிலோமீட்டர், நான் பள்ளிக்கு சைக்கிளில் போகும் வேகம். நொடிக்கு 3.6 மீட்டர். உந்தம் என்பது நிறையும் திசைவேகமும் பெருக்கியது. 10 கோடியை 3.6-ஆல் பெருக்கினால் 36 கோடி. இது எவ்வளவு பெரியது என்று எண்ணாகப் பார்த்தால் மண்டையில் ஏறவில்லை. அதனால் 15 டன் எடையுள்ள ஒரு பஸ் மணிக்கு 60 கிலோமீட்டரில் வருவதாக எடுத்துக்கொண்டேன். அதன் உந்தம் இரண்டரை லட்சம். 36 கோடியை இரண்டரை லட்சத்தால் வகுத்தால் 1,440. அத்தனை பஸ்களும் ஒரே நேரத்தில், ஒரே தூணில்.

அடுத்தது கணத்தாக்கு, அதாவது விசையும் அது செயல்படும் நேரமும் பெருக்கியது. கப்பல் 10 நொடியில் நின்றது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், தூண் வாங்கிய சராசரி விசை 3.6 கோடி நியூட்டன். அதே கப்பல் மெதுவாக, மணல்திட்டில் ஏறி ஐந்து நிமிடத்தில் நின்றிருந்தால் விசை அதில் முப்பதில் ஒரு பங்கு. பாலத்தின் தூணுக்கு முன்னால் மணலோ கல்லோ கொட்டிக் காப்பு வைப்பது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நேரத்தை நீட்டினால் விசை குறையும். கிரிக்கெட்டில் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னால் இழுப்பதுதான் இதற்குப் புத்தகத்தில் வரும் உதாரணம். நல்ல உதாரணம்தான். ஆனால் அதில் ஒருவரும் சாவதில்லை.

பால்டிமோரில் ஆறு பேர் இறந்தார்கள். பாலத்தின் மேல் ராத்திரி ஷிப்டில் ரோட்டுப் பள்ளத்தை அடைத்துக்கொண்டிருந்த தொழிலாளிகள். மெக்சிகோ, குவாத்தமாலா, எல் சால்வடார், ஹோண்டுராஸ் என்று வெவ்வேறு நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். கப்பலிலிருந்து அபாயச் செய்தி போனதும் போலீஸ் பாலத்தின் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்திவிட்டது. அதனால் எத்தனையோ பேர் பிழைத்தார்கள். பாலத்தின் மேல் வேலையில் இருந்தவர்களுக்குத் தகவல் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. நான்கு நிமிடம் என்பது வண்டியை நிறுத்தப் போதும், மனிதர்களை இறக்கப் போதவில்லை.

தாத்தா இன்னொன்று கேட்டார். "கப்பல்ல இருந்த பயலுவ யாரு?" இருபத்தொரு பேர். இருபது பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கைக்காரர். கப்பல் போகவேண்டிய இடம் கொழும்பு. அதைக் கேட்டதும் தாத்தா எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவர் பாதி வாழ்நாள் போய்வந்த துறை அது. அதற்குப் பிறகு தினமும் "அந்தப் பயலுவ எறங்கிட்டானுவளா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பெரிய செய்திகள் அந்தக் கப்பலை மறந்த பிறகும் நாங்கள் தேடிக்கொண்டே இருந்தோம். மே 20-ஆம் தேதிதான் கப்பலை அந்த இடத்திலிருந்து மிதக்கவைத்து நகர்த்தினார்கள். அதுவரை அந்தப் பிள்ளைகள் கப்பலிலேயே இருந்தார்கள். விசாரணைக்காகப் போனைக்கூட வாங்கி வைத்துக்கொண்டார்களாம். முதல் நாள் தலைப்பில் இருப்பதைவிட, ஐம்பதாவது நாளில் ஏதோ ஒரு மூலையில் வரும் நான்கு வரியில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றத் தொடங்கியது அப்போதுதான்.

கொழும்பு என்றதும் அப்பா பக்கம் போக வேண்டும். அப்பா ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் டாகுமென்டேஷன் பார்க்கிறார். மே மாதத்தில் சில நாள் அவரோடு ஆபீஸுக்குப் போனேன். எங்கள் ஹார்பரிலிருந்து போகும் கண்டெய்னர்களில் பெரும்பகுதி நேராக ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போவதில்லை. சின்ன ஃபீடர் கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே மதர் வெசல் என்கிற பெரிய கப்பலில் மாறி ஏறும். திருப்பூர் பனியனும் அப்படித்தான், எங்கள் ஊர் உலர்மலரும் அப்படித்தான்.

உலர்மலர் என்றால், தாமரைக்காய், பனை ஓலை, காய்ந்த கொட்டை, விதை, கிளை என்று நாம் கண்டுகொள்ளாத பொருட்களை வெளுத்து, சாயம் ஏற்றி, ஐரோப்பாவில் வீட்டு அலங்காரத்துக்கு அனுப்புவது. தூத்துக்குடியில் இது பெரிய தொழில். எத்தனையோ பெண்களுக்கு அதில்தான் சம்பளம். அப்பாவின் மேசையில் ஒரு உலர்மலர் கண்டெய்னரின் பேப்பரைப் பார்த்தேன். கப்பல் ஐரோப்பா போய்ச் சேரும் தேதி அச்சடித்திருந்தது. அதைப் பேனாவால் அடித்துவிட்டு வேறொரு தேதி. அதையும் அடித்துவிட்டு இன்னொன்று. மூன்றாவது தேதிக்குப் பக்கத்தில் அப்பா கையால் "கேப்" என்று எழுதியிருந்தார்.

"கேப்புன்னா?"

"நன்னம்பிக்கை முனை. நீ படிச்சிருப்பியே."

படித்திருக்கிறேன். வாஸ்கோ ட காமா, 1498, கோழிக்கோடு. ஒரு மதிப்பெண் கேள்வி. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது, அதனால் ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் தூரம் குறைந்தது. அதுவும் ஒரு மதிப்பெண். அந்த இரண்டு ஒரு மதிப்பெண்ணும் அப்பாவின் மேசையில் ஒரே தாளில் இருந்தன.

அன்று சாயந்திரம் அட்லஸை விரித்துவைத்துக்கொண்டு அப்பாவிடம் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டேன். கொழும்பிலிருந்து கிளம்பும் கப்பல் அரபிக்கடலைத் தாண்டி, ஏமனுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவில் இருக்கும் பாப் எல் மண்டேப் நீரிணை வழியாகச் செங்கடலுக்குள் நுழையும். அந்த நீரிணையின் குறுகிய இடம் 30 கிலோமீட்டர் போலத்தான். அங்கிருந்து மேலே ஏறி சூயஸ் வழியாக மத்தியதரைக் கடல். காசாவில் போர் தொடங்கிய பிறகு, 2023 நவம்பர் 19-ஆம் தேதி, அதற்குப் பதிலடி என்று சொல்லி, ஏமனின் ஹூத்தி ஆயுதக் குழுவினர் கேலக்ஸி லீடர் என்ற கப்பலைப் பிடித்தார்கள். அது இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த கப்பல். அதற்குப் பிறகு ஏவுகணை, டிரோன் என்று தொடர்ந்து தாக்குதல். பெரிய கப்பல் கம்பெனிகள் செங்கடலே வேண்டாம் என்று ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தன. பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் வரை கூடுதல். எரிபொருள் கூடுதல், வாடகை கூடுதல். கண்டெய்னர்கள் திரும்பி வரத் தாமதமாவதால் காலிப் பெட்டிக்கே தட்டுப்பாடு.

காசாவுக்கும், எங்கள் தெருவில் தாமரைக்காய்க்குச் சாயம் போடும் அக்காவின் வாரச் சம்பளத்துக்கும் இப்படி ஒரு கயிறு ஓடுகிறது. "போர்களின் விளைவுகள் யாவை?" என்று கேட்டால் ஐந்து பாயிண்ட் எழுத நமக்குத் தெரியும். அந்த அக்கா அந்த ஐந்து பாயிண்டில் இல்லை.

இதையெல்லாம் யோசிக்கும்போது வ.உ.சி. பாடம் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊரில் பிறந்த ஒரு பிள்ளைக்கும் அது தெரியாமல் இருக்காது. 1906-இல் அவர் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல், வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் இலவசமாகவே ஆளேற்றிய கதை. நாங்கள் அதை வீரக் கதையாகப் படித்தோம். அது வீரக் கதைதான். ஆனால் கடல் பாதையும் கப்பல் வாடகையும் யார் கையில் இருக்கிறதோ அவர்கள்தான் கரையில் இருப்பவர்களின் விலையைத் தீர்மானிக்கிறார்கள் என்பதை அவர் எவ்வளவு துல்லியமாகப் பார்த்திருக்கிறார் என்பது, அப்பாவின் ஆபீஸில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வழக்கறிஞர் கப்பல் வாங்கக் கிளம்பியது ஆவேசத்தில் இல்லை. கணக்குப் பார்த்துத்தான்.

செய்தி படிப்பதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. எண்களை எப்படி எடுத்துக்கொள்வது என்பது. இந்தக் கோடையில் எனக்கு அதிகம் பயன்பட்ட பாடம், யாருமே பிடிக்காத முதல் யூனிட், அளவீட்டியல்.

ஏப்ரல் 16-ஆம் தேதி துபாயில் மழை கொட்டியது. ஏர்போர்ட் ஓடுதளமே தண்ணீருக்குள். ஐக்கிய அரபு அமீரகத்தில் 75 ஆண்டில் இல்லாத மழை என்றார்கள். அல் ஐன் பகுதியில் ஓரிடத்தில் 24 மணி நேரத்துக்குள் 254 மில்லிமீட்டர். எங்கள் தெருவில் வளைகுடாவில் ஆள் இல்லாத வீடு குறைவு. அதனால் எல்லார் போனிலும் அதே வீடியோ. 254 என்றதும் நான் சென்டிமீட்டராக மாற்றிப் பார்த்தேன். 25.4. போன டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது 95 சென்டிமீட்டர். எங்கள் மாவட்டத்தில் வருடம் முழுக்கப் பெய்யும் சராசரியைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பேர் ரயிலிலும் ஸ்டேஷனிலும் தவித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஏறக்குறைய நான்கு மடங்கு மழை வாங்கிய ஊரை எந்த நாட்டு டிவியும் இப்படிக் காட்டவில்லை என்று அப்பாவிடம் சத்தம் போட்டேன்.

கோபம் நியாயமானதுதான், இப்போதும் அது இருக்கிறது. ஆனால் எண்ணை மட்டும் வைத்து இரண்டு ஊரை ஒப்பிட முடியாது. துபாயில் ஓராண்டுக்கே சராசரியாகப் பத்து சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் பெய்யும். இவ்வளவு மழையை எதிர்பார்த்து வடிகால் கட்டிய ஊர் அது இல்லை. நம் பக்கம் மழைத் தண்ணீரை வாங்கத் தாமிரபரணியும் அணைக்கட்டும் குளங்களும் பல காலமாக இருக்கின்றன. அப்படி இருந்தும் குளம் உடைந்தது. எண்ணைப் பார்த்ததும் அடுத்து எழவேண்டிய கேள்வி, எந்த ஊருக்கு, எதோடு ஒப்பிட்டு என்பது.

அந்த மழைக்குச் செயற்கை மழைதான் காரணம், மேகத்தில் மருந்து தூவிவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரே பரபரப்பு. அமீரகத்தின் வானிலை மையம் அந்தப் புயலின்போது தூவவில்லை என்று மறுத்தது. மறுப்பை நம்பாவிட்டாலும் பரவாயில்லை, பாடத்தை வைத்தே யோசிக்கலாம். மேக விதைப்பு, ஏற்கெனவே இருக்கும் மேகத்திலிருந்து கொஞ்சம் கூடுதலாக மழையைக் கறக்கப் பார்க்கும் முறை. மேகமே இல்லாத இடத்தில் புயலை உண்டாக்க அதனால் முடியாது. ஓமானிலும் அதே நேரத்தில் வெள்ளம். ஒரு நாடு மருந்து தூவி இன்னொரு நாட்டுக்கும் சேர்த்து இவ்வளவு தண்ணீரை வரவழைக்க முடியுமா என்ற ஒரு கேள்வி போதும்.

அளவீட்டியலுக்கு இன்னும் நல்ல உதாரணம் மே 29. டெல்லி முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி. இந்தியாவில் இதுவரை இல்லாத வெப்பம் என்று உலகம் முழுக்கச் செய்தி. ஆனால் அன்றைக்கே வானிலை ஆய்வு மையம், பக்கத்து நிலையங்களோடு இந்த எண் ஒத்துப்போகவில்லை, கருவியைச் சோதிக்கிறோம் என்று சொன்னது. சில நாளில் முடிவு வந்தது: அந்த சென்சார் 3 டிகிரி கூட்டிக் காட்டியிருக்கிறது. முறையான பிழை, அதில் கருவிப் பிழை. புத்தகத்தில் இரண்டே வரி. அந்த இரண்டு வரி உலகச் செய்தியையே திருத்தியதைக் கண்ணால் பார்த்தோம். 52.9 என்ற செய்தி எத்தனை பேருக்குப் போனதோ, திருத்தம் அதில் பாதிப் பேருக்காவது போயிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். அதே நேரம், மூன்று டிகிரியைக் கழித்தாலும் மிச்சம் இருப்பது ஐம்பதை ஒட்டிய வெயில். திருத்தம் வந்ததை வைத்து "வெயிலே பொய்" என்று பேசியவர்களும் இருந்தார்கள். பிழை என்பது பொய் என்று அர்த்தம் இல்லை. அதைச் சொல்லிக் கொடுப்பதற்குத்தான் அந்த யூனிட்டே இருக்கிறது.

காசாவைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க மனம் இல்லை. அதைப் பாடத்தோடு ஒட்டவைத்துச் சொல்லவும் மனம் இல்லை. பாலஸ்தீனத்தில் தவ்ஜிஹி என்று ஒரு தேர்வு உண்டு. நம் பிளஸ் டூ மாதிரி, பள்ளிப் படிப்பின் கடைசித் தேர்வு. அதை எழுதினால்தான் கல்லூரி. 2024 ஜூன் 22-ஆம் தேதி மேற்குக் கரையில் அது தொடங்கியது. காசாவில் நடக்கவில்லை. அங்கே எழுதவேண்டிய ஏறக்குறைய 39,000 மாணவர்கள் எழுத முடியவில்லை என்று பாலஸ்தீனக் கல்வித்துறை சொன்னது. பல பள்ளிக்கூடங்கள் இடிந்துவிட்டன, நின்றவற்றில் குடும்பங்கள் தங்கியிருந்தன. மழையில் எங்கள் அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போனபோது, தள்ளிப்போன தேதி என்று ஒன்று எங்களுக்கு இருந்தது. புத்தகம் கொடுக்க அரசு இருந்தது, திரும்பிப் போகப் பள்ளி இருந்தது. அவர்களுக்கு என் வயது. அவர்களிலும் யாராவது கணத்தாக்கின் வரையறையைத் தூக்கத்தில் சொல்லுமளவுக்குப் படித்திருப்பார்கள். இந்தச் செய்தி நான் பார்த்த பேப்பரில் உள்பக்கத்தில் சின்னதாக வந்தது. அதை வெட்டி பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

வெயில் காரணமாகப் பள்ளி இந்த முறை ஜூன் 10-ஆம் தேதிதான் திறந்தது. திறந்த முதல் வாரத்திலேயே இயற்பியல் மிஸ்ஸிடம் பாலத்துக் கணக்கைக் காட்டினேன். பயந்துகொண்டுதான் காட்டினேன், அது பிளஸ் டூ போர்ஷன் இல்லையே. மிஸ் முழுதாகப் பார்த்துவிட்டு, போர்டில் எழுதச் சொன்னார். வகுப்பு அதுவரை கேட்காத கேள்வியெல்லாம் கேட்டது. ஒரு தூண் போனதற்கு ஏன் பாலம் முழுக்க விழ வேண்டும்? (இரும்புச் சட்டங்கள் ஒன்றோடொன்று கோத்து, ஒரே தொடராக அந்தத் தூண்களின்மேல் உட்கார்ந்திருந்தன. ஒன்று நகர்ந்ததும் மற்றதற்குப் பிடிமானம் இல்லை.) கப்பலை இழுத்துவந்த டக் படகுகள் ஏன் பக்கத்தில் இல்லை? (துறையிலிருந்து வெளியே எடுத்துவிட்டுத் திரும்பிவிட்டன.) நம் பாம்பன் பாலத்தில் கப்பல் மோதினால்? இந்தக் கடைசிக் கேள்விக்கு மணி அடித்த பிறகும் பேச்சு ஓயவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். மனப்பாடம் செய்ததெல்லாம் வீண் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சூத்திரம் கைவசம் இல்லாமல் இருந்திருந்தால் பாலம் விழுந்த செய்தி எனக்கு ஒரு பயங்கர வீடியோ, அவ்வளவுதான். பத்து நொடி பார்த்துவிட்டு அடுத்ததற்குத் தள்ளியிருப்பேன். எங்களுக்குக் குறைவது மனப்பாடம் முடிந்த பிறகு வரவேண்டிய அரை மணி நேரம். அது கோடையில் தற்செயலாகக் கிடைத்தது. அதைப் பள்ளிக்குள் தற்செயலாக இல்லாமல் வைக்க முடியுமா என்று மிஸ்ஸிடம் கேட்டேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பத்து நிமிடம் தருகிறேன், ஒரு செய்தி, அதற்குள் இருக்கும் ஒரு பாடம், மாற்றி மாற்றி ஒவ்வொருவரும் என்றார். பத்து நிமிடம்தான். ரிவிஷன் டெஸ்ட் வந்தால் அதுவும் போய்விடும் என்று இப்போதே சொல்லிவிட்டார். போகவிடாமல் பிடித்துவைப்பது எங்கள் பொறுப்பு.

அடுத்த வெள்ளி என் முறை. ரூபிமார் என்ற கப்பலை எடுத்திருக்கிறேன். பிப்ரவரி 18-ஆம் தேதி ஹூத்திகளின் ஏவுகணை பட்டு, மார்ச் 2-ஆம் தேதி செங்கடலில் மூழ்கியது. இந்தத் தாக்குதல்களில் முதலில் மூழ்கிய கப்பல் அதுதான். அதற்குள் இருந்தது ஏறக்குறைய 21,000 டன் உரம், அமோனியம் பாஸ்பேட் சல்பேட். நைட்ரஜனும் பாஸ்பரசும் கடலில் கரைந்தால் பாசி பெருகும், பாசி செத்து அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீனும் பவளமும் திணறும். உயிரியலில் இது ஒரு பாராவாக வருகிறது. ஆனால் செங்கடல் மாதிரி வாய் குறுகிய கடலில் அந்த உரம் எவ்வளவு நாள் தங்கும், அங்குள்ள பவளப்பாறை எந்த அளவு வரை தாங்கும், இதே மாதிரி ஒரு கப்பல் நம் மன்னார் வளைகுடாவில் மூழ்கினால் என்ன ஆகும் என்பதெல்லாம் புத்தகத்தில் இல்லை. எங்கள் தெருவில் ஓர் அக்கா இங்கே மீன்வளக் கல்லூரியில் படிக்கிறார். அவரிடம் கேள்விகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.